வேனுக்குள் தெர்மாகோல் ஒட்டினால் ஊட்டிக் குளிர் அடங்குமா?

2 அக்டோபர் 2023. வந்த கேள்வி

புதுக்கடைப் பக்கம் வீடு. 2004-ஆம் ஆண்டுப் பழைய வேன் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டாகிவிட்டது. ஜனவரியில் குடும்பத்தோடு ஊட்டி போக வேண்டும். உள்பக்கம் முழுவதும் அரை அங்குலத் தெர்மாகோல் ஒட்டி, மேலே ரெக்சின் அடித்தால் குளிருக்குப் போதும் என்கிறார் இருக்கை தைப்பவர். போதுமா?

3 அக்டோபர் 2023

போதாது. தைப்பவரைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். எத்தனை அங்குலம் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். ஈரம் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வேன் 1998-இல் கட்டிய கூண்டு. இரும்புச் சட்டம், வெளியே தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் ஏதோ பஞ்சு. குமரி மாவட்டத்துத் தக்கலையில் வீட்டு முற்றத்தில் அதை நிறுத்திப் படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் நானே செய்தேன். "கேரவனா? எந்த நடிகர் வருகிறார்?" என்று தெருவே கேட்டது. கடந்த ஜனவரியில் நானும் மனைவியும் ஊட்டிக்குப் போனோம். குளிர் நுழையக் கூடாதென்று ஜன்னல் இடுக்கு, காற்றுத் துவாரம், கதவடி எல்லாவற்றிலும் பழைய சேலை அடைத்தேன். இரவு பதினொரு மணிக்குச் சுக்குக் காப்பி போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தோம். மூன்று மணிக்கு நெற்றியில் ஒரு சொட்டு. பிறகு காதில். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தால் வானத்தில் ஒரு மேகம் இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது.

அது மழை இல்லை. எங்கள் மூச்சு. இரவு முழுவதும் இரண்டு பேர் விட்ட மூச்சு ஒரு லிட்டர் தண்ணீராகக் கூரையில் தொங்கியது.

4 அக்டோபர் 2023

திருத்தம். ஒரு லிட்டர் என்பது கோபத்தில் எழுதியது. தூங்குகிற ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீரை வெளியே விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம்: அறுநூறு கிராமுக்குச் சற்று மேல். மீதி சுக்குக் காப்பியின் கைங்கரியம். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது. அது போகக் கொதித்த தண்ணீரின் ஆவி வேறு.

இன்னொரு கணக்கு. என் வேனுக்குள் இருக்கும் மொத்தக் காற்றே 12 கன மீட்டர்தான். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் 17 கிராம் நீரைத் தாங்கும். 5 டிகிரியில் ஏழு கிராமைத்தான் தாங்கும். ஆகவே வேன் முழுவதும் கதகதப்பாக இருந்தால்கூட அதற்குள் தங்கக்கூடியது 200 கிராம். நாங்கள் ஊதியது அறுநூறு. போகிற வழியையெல்லாம் சேலையால் அடைத்தது யார்? நான்.

8 அக்டோபர் 2023

கூரைப் பிளைவுட்டைப் பிரித்துவிட்டேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் மோசமான அறிகுறி.

உள்ளே கண்ணாடிப் பஞ்சு. மஞ்சளாக இருந்திருக்க வேண்டியது, பாதி கறுத்திருந்தது. கையால் பிழிந்தேன், தண்ணீர் வந்தது. ஜனவரியில் நனைந்தது அக்டோபர் வரை காயாமல் இருந்ததா, ஆனி ஆடி மழையில் கூரை ஓட்டை வழியாகப் புதிதாக நனைந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டுமாக இருக்கும். கூரைத் தகட்டைத் தாங்கும் வளைந்த இரும்புச் சட்டங்களான வில்கள் ஒன்பதில் மூன்று துருப்பிடித்து, விரலால் தட்டினால் பொறுக்கு உதிர்கிறது. ஒரு பல்லியின் எலும்புக்கூடும் கிடைத்தது. முழுமையாக இருந்தது.

பஞ்சு வேலை செய்வது அதன் இழைகளால் அல்ல, இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக் கிடக்கும் காற்றால். அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெப்பம் இருபது மடங்குக்கு மேல் எளிதாக ஊடுருவும். நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறோம், வேறென்ன. கூண்டு கட்டியவர் பஞ்சைச் சும்மா திணித்து ஆணி அடித்திருக்கிறார். அவர் யார் என்று கேட்க வேண்டாம். இருபத்தைந்து வருடம் ஓடிய கூண்டு, அந்த மரியாதை இருக்கட்டும்.

8 அக்டோபர், இரவு

சொல்ல மறந்தது. கழற்றிய பிளைவுட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். திருகாணி அடித்த ஒவ்வொரு இடத்தையும் சுற்றி ஒரு கறுப்பு வட்டம். வரிசை வரிசையாக, மார்கழிப் புள்ளிக் கோலம் போல. ஆணி இரும்பு, வில் இரும்பு, வெளித்தகடு உலோகம். வெளிக்குளிர் ஆணி வழியாக நேராகப் பிளைவுட்டுக்குள் வந்து நிற்கிறது. மூச்சில் இருக்கும் ஈரம் அந்தப் புள்ளியைத்தான் முதலில் தேடிப் பிடிக்கிறது. இரும்பு தெர்மாகோலைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே வில்களுக்கு நடுவில் எவ்வளவு தடிமனாக அடைத்தாலும் வில்லின் மேல் ஒன்றும் இல்லையென்றால், வாசலைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதைதான்.

10 அக்டோபர் 2023

துருவைச் சுரண்டி வண்ணம் அடித்துவிட்டு உடனே அடைக்க வேண்டியதுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. முதலில் ஒழுகலைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் அதற்குக் குழாய்கூட வேண்டாம், ஒரு மழை பெய்தால் போதும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒழுகல் தேட வெளியூர்க்காரர்களைப் போல ஹோஸ் பிடிப்பதா? உள் அலங்காரம் எதுவும் இல்லாத வெற்றுத் தகடாக வேனை மழையில் நிறுத்திவிட்டு, சாக்பீஸோடு உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம். நனைந்த இடத்தில் ஒரு வட்டம். என் வேனில் பதினொரு வட்டம், அதில் எட்டு பழைய சாமான் கம்பியின் போல்ட் துளைகள். கூரைமேல் சாமான் ஏற்றுவதில்லை என்றால் கம்பியைக் கழற்றித் துளையைத் தகடு வைத்து மூடிவிடுவது நல்லது. பசை பூசி மறைத்தால் இரண்டு கோடையில் வெடித்துவிடும்.

15 அக்டோபர் 2023

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். மீன் வாங்கவில்லை, இரண்டு மணி நேரம் படகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவை. வெளியே கடல் வெயில், உள்ளே ஐஸ். அந்த ஐஸ் கரைந்துவிட்டால் போன பயணமே வீண். அப்படியானால் வெப்பத்தை மறிக்கிற வித்தை நம் மாவட்டத்தில் நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? மீன் அறை கட்டுகிறவர்கள். இதை யோசிக்க எனக்கு ஒன்பது மாதமும் ஒரு பல்லி எலும்பும் தேவைப்பட்டன.

ஃபைபர் வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் கேட்டேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் என்னை, பிள்ளையைக் கூப்பிடுவது போல, "மக்களே" என்றுதான் கூப்பிட்டார். சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். இரண்டு ஃபைபர்ச் சுவருக்கு நடுவே நுரையை ஊற்றுவார்களாம். நுரை தடிமனாக இருக்க வேண்டும், சரி. அதைவிட முக்கியம், அதற்குள் தண்ணீர் போகக் கூடாது. "தண்ணீர் குடித்த நுரை வெறும் பாரம் மக்களே. ஐஸையும் காக்காது, படகையும் தாழ்த்தும்." ஒரு பழைய மீன் அறையை வெட்டி எடுத்த துண்டைக் காட்டினார். ஓரத்தில் ஒரு விரிசல் இருந்திருக்கிறது. அந்த விரிசல் பக்கத்து நுரையை என்னால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. மறுமுனையிலிருந்து வெட்டிய அதே அளவுத் துண்டை இரண்டு விரலால் தூக்கினேன்.

வேனுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். "ஐஸுக்கும் ஆளுக்கும் ஒரே பெட்டிதான். ஆனால் ஐஸ் மூச்சு விடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார், பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

16 அக்டோபர் 2023

மனைவியிடம் இதைச் சொன்னேன். "சாளைக்கும் நெத்திலிக்கும் செய்கிற பெட்டியில் என்னைப் படுக்கச் சொல்கிறீர்களா?" என்றாள். சூரைக்குச் செய்கிற பெட்டி என்று திருத்தினேன். உதவவில்லை.

24 அக்டோபர் 2023

என்ன பொருள் வைக்கலாம் என்று பலர் கேட்டாகிவிட்டது. பார்த்ததையும் தொட்டதையும் சொல்கிறேன்.

தெர்மாகோல் மலிவு, எங்கும் கிடைக்கும், மோசமான பொருளே அல்ல. வெளிநாட்டுப் பழைய கேரவன்கள் பலவற்றின் சுவருக்குள் இருப்பதும் அதுதான். ஆனால் மணிமணியாக உதிரும், வளைந்த கூரையில் படியாது, படியாத இடத்தில் இடைவெளி விழும், இடைவெளியில் ஈரம் உட்காரும். தீப்பிடித்தால் உருகிக் கரும்புகையாகும். மூடாமல் விடவே கூடாது. அதன் பங்காளியான எக்ஸ்பிஎஸ் பலகை, கட்டட வேலைக்கு வரும் வண்ணப் பலகை, அழுத்தம் தாங்கும், தண்ணீர் குடிக்காது. தரைக்கு அதுதான் சரி.

ஏசிக் குழாய்க்குச் சுற்றுகிறார்களே ஒரு கறுப்பு ரப்பர் நுரை, அது சுருளாகவும் வருகிறது. எனக்குப் பிடித்துப்போனது. வளைவில் படியும், கத்தரியால் வெட்டலாம், நுரைக் குமிழி ஒவ்வொன்றும் மூடிய சின்ன அறையாக இருப்பதால் ஈரம் உள்ளே போகாது. குளிர்ந்த குழாயின் மேல் வியர்க்காமல் இருப்பதற்காகவே பிறந்த பொருள் அது. நமக்கு வேண்டியதும் அதுதானே. வெப்பத்தை மறிப்பதில் தெர்மாகோலுக்கு ஏறக்குறைய சமம். பீச்சி அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) நுரை இரண்டையும்விட ஒரு படி மேல். ஆனால் பீச்சி அடித்துவிட்டால் பிறகு தகட்டில் அடிபட்டாலும் ஒயர் அறுந்தாலும் பிரிக்க வழியில்லை. பழைய வண்டிக்கு அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

தேங்காய் நார். இதை எழுதும்போது கொஞ்சம் வருத்தம். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு நாரை விட்டுவிட்டு ரப்பருக்குப் போவதா என்று ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தேன். காய்ந்த நார் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஈரத்தை உள்ளே விடும், குளிர்ந்த தகடு வரை கொண்டுபோய் விடும். சுவருக்குள் அதற்கு வேலை இல்லை. வேறு இடத்தில் இருக்கலாம்.

27 அக்டோபர் 2023

தெர்மாகோல் ஒட்டுகிறவர்கள் கவனிக்கவும். ரெக்சின் ஒட்டும் மஞ்சள் பசையை அதன்மேல் தடவினால் தெர்மாகோல் கரைந்து காணாமல் போகும். சின்னத் துண்டில் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்காமல் முழுப் பலகையில் தடவினேன். வெல்லப்பாகு போல வழிந்தது.

இன்னொன்று, தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டு மின் ஒயர் போகக் கூடாது. ஒயரின் பிளாஸ்டிக் உறையை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெயைத் தெர்மாகோல் வருடக்கணக்கில் உறிஞ்சிவிடும். உறை மொறுமொறுவென்று வெடிக்கும். ஒயரைத் தனிக் குழாய்க்குள் விட வேண்டும்.

5 நவம்பர் 2023

பிளாஸ்டிக் தாள் சண்டை. கனடாவில் மகன் இருக்கும் ஒருவர், உள்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, இணைப்புகளை டேப் ஒட்ட வேண்டும், அதுதான் விதி என்று எழுதியிருக்கிறார். கனடாவில் அது விதி. அங்கே ஆறு மாதம் உள்ளே சூடு, வெளியே உறைபனி. ஈரம் எப்போதும் உள்ளிருந்து வெளியே தள்ளும். அதனால் சூடான பக்கம் தாள்.

நம் வேன் வருடத்தில் 350 நாள் தக்கலையில் நிற்கிறது, 15 நாள் மலையில். இங்கே வெளிக்காற்றே ஈரம். மழைக்காலத்தில் வெயில் அடித்ததும் ஈரம் வெளியிலிருந்து உள்ளே தள்ளும். தாளை உள்பக்கம் போர்த்தினால் ஊட்டியில் இரண்டு வாரம் நன்மை, மீதி நாளெல்லாம் தாளுக்குப் பின்னால் சின்னக் குளம். அதோடு கூரை எப்போதாவது ஒழுகினால் தாள் அதை மறைத்துவிடும். சட்டம் உளுத்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

ஆகவே என் முடிவு: தாள் வேண்டாம். தகட்டோடு இடைவெளியே இல்லாமல் முழுப் பரப்பும் ஒட்டும் மூடிய நுரை. ஈரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் குளிர்ந்த தகட்டைத் தொட முடியாது.

5 நவம்பர், ஒரு மணி நேரம் கழித்து

வெள்ளிக் குமிழித் தாளைப் பற்றியும் கேட்டிருந்தார். அது பளபளப்பதால் கதிர் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்; ஆனால் முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே நசுக்கி வைத்தால் மெல்லிய பிளாஸ்டிக்குக்கு உள்ள மரியாதைதான். ஜன்னல் மறைப்புக்கு நல்லது.

6 நவம்பர் 2023

நேற்று எழுதியதில் ஓட்டை இருக்கிறது. வில்கள். நுரையை வில்களுக்கு நடுவில் ஒட்டினால் கோலப்புள்ளி திரும்ப வரும். ஆகவே வில்லின் மேலும் 10 மி.மீ. ரப்பர்ப் பட்டை ஒட்டி, அதன்மேல் மரச்சட்டம் வைத்து, பிளைவுட்டை மரத்தில் மட்டும் திருகப் போகிறேன். மரத்தைப் பிடிக்கும் ஆணி இரும்பைத் தொடத்தான் செய்யும், ஆனால் பிளைவுட்டுக்கு வெளியே தலை நீட்டாது. தலைக்கு மேல் மூன்று விரற்கடை உயரம் போகிறது. மகன் ஆறடி. அவன் குனியட்டும்.

12 நவம்பர் 2023

இதற்கிடையே ஒரு குறிப்பு: இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் வரும் மாற்றம். பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஊட்டிக் கொண்டை ஊசி வளைவில் நிறுத்திக் கேட்கும்போது விளக்கம் சொல்வதைவிட நாகர்கோவிலில் அலைவது சுலபம். அலைந்தேன். அதற்கு மேல் எழுதினால் இரத்தக்கொதிப்பு.

19 நவம்பர் 2023

தரையும் ஜன்னலும்.

தரைக்கு 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ், மேலே 12 மி.மீ. பிளைவுட், அதற்கு மேல் கோரைப்பாய். காலில் குளிர் ஏறாமல் இருக்கப் பாய் செய்கிற வேலை சாதாரணமல்ல. பத்தமடை பட்டுப்பாய் தேவையில்லை, முரட்டுப் பாயே போதும்.

ஜன்னலில்தான் எல்லாம் ஓடிப்போகிறது. ஒற்றைக் கண்ணாடி. திரை போட்டால் குளிர் குறையும் என்று நினைப்போம். திரைக்குப் பின்னால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து இன்னும் அதிகமாக வியர்க்கும், திரையின் ஓரம் பூசணம் பிடிக்கும். கண்ணாடியோடு இறுக்கமாக அமரும் மறைப்புதான் வேண்டும். கறுப்பு நுரையை ஒவ்வொரு ஜன்னலுக்கும் அரை அங்குலம் பெரிதாக வெட்டி, ஒரு முகத்தில் வெள்ளித் தாள் ஒட்டி, சட்டத்துக்குள் அழுத்திவிட்டேன். பகலில் எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். துடைத்த துணியை வெளியே பிழிய வேண்டும். உள்ளே கொடியில் போடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன்.

25 நவம்பர் 2023

துவாரங்களை அடைத்துவிட்டு ஒரு சின்னக் கரி அடுப்பு வைத்தால் போதுமே என்று எழுதியவருக்கு. வேண்டாம். கரி எரிகிற இடத்தில் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை, இருமல்கூட வராது. தலை கனக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். மலை ஊர்களில் அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கணப்பு வைத்துத் தூங்கி, எழுந்திருக்காமல் போனவர்களைப் பற்றி நாளிதழில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கணப்பும் வேண்டாம், கேஸ் அடுப்பைக் கொளுத்திவிட்டுத் தூங்குவதும் வேண்டாம்.

எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் இடத்தின் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். அந்தத் துளையைத்தான் கடந்த ஜனவரியில் சேலையால் அடைத்தேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது.

கூரையில் ஒரு துவாரம், கீழே ஒரு துவாரம், எவ்வளவு குளிரானாலும் திறந்தே இருக்க வேண்டும். ஐஸ் மூச்சு விடாது, நாம் விடுவோம்.

10 டிசம்பர் 2023

வேலை முடிந்தது. இப்போது சோதனை. தக்கலையில் குளிருக்கு எங்கே போவது? டிசம்பர் இரவில்கூட 22, 23 டிகிரி. முதலில் வேனுக்குள் ஐஸ் கட்டி வைத்து எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்த்தேன். அரை நாள் கழித்துத்தான் அது அசட்டுத்தனம் என்று புரிந்தது. ஐஸ் கரையும் வேகம் ஐஸைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது, வேனின் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஐஸ் வீணாகவில்லை, சர்பத் போட்டோம்.

மகன் சொன்ன வழி சரி. வெளியே குளிர் இல்லை என்றால் உள்ளே சூடு வை. எவ்வளவு வேறுபாடு நிற்கிறது என்பதுதானே கணக்கு. கோழிக்குஞ்சுக்குப் போடுவதற்காக வைத்திருந்த 100 வாட் குண்டு பல்பு நான்கை உள்ளே எரியவிட்டு, அதிகாலை மூன்று மணிக்குப் பார்த்தோம். வெளியே 23, உள்ளே 29.5. ஜன்னல் மறைப்பு இல்லாமல். அடுத்த இரவு மறைப்போடு: உள்ளே 31.

அதாவது 400 வாட்டுக்கு 8 டிகிரி. ஒரு டிகிரி தூக்கி நிறுத்த 50 வாட். தூங்குகிற மனிதர் எழுபது எண்பது வாட் தருவார். நானும் மனைவியும் சேர்ந்தால் 3 டிகிரி.

இதைப் பார்த்து ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாத வேலைக்கு 3 டிகிரியா? வெளியே 4 என்றால் உள்ளே 7.

11 டிசம்பர் 2023

தூங்கி எழுந்து யோசித்தேன். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. நுரை செய்வது இரண்டு வேலை: ஒன்று, கூரையின் உள்பக்கத்தைக் குளிராமல் வைத்து ஈரம் படியாமல் தடுப்பது. இரண்டு, சின்னக் கணப்பே போதுமென்று ஆக்குவது. 10 டிகிரிக்கு 500 வாட். எண்ணெய் நிரப்பிய மின் கணப்பான் ஒன்று, தங்குமிட முற்றத்தில் ஒரு மின் இணைப்பு. தீ இல்லை, புகை இல்லை, நீராவி இல்லை. நுரை இல்லாமல் இதே வேலைக்கு மூன்று நான்கு மடங்கு வேண்டியிருக்கும். அந்தப் பழைய தங்குமிடத்து ஒயர் புகைந்திருக்கும்.

4 ஜனவரி 2024

ஊட்டியிலிருந்து. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு புறப்பட்டோம், மறுநாள் மாலை கோத்தகிரி வழியாக ஏறினோம். ஊட்டி 2,240 மீட்டர்; ஒரு கிலோமீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில் நம் ஊர் 22 இங்கே ஏழெட்டாக இருக்க வேண்டும். பள்ளத்தில் நிறுத்தியிருந்ததால் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று தண்ணீர் போலப் பள்ளத்துக்கு வழிகிறது. காலை ஆறு மணிக்கு வெளியே 3, புல்மேல் வெள்ளையாக உறைபனி. உள்ளே 13.

கூரையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இன்னொரு முறை தடவினேன். "பூனையைத் தடவுகிற மாதிரி தடவுகிறீர்கள்" என்றாள் மனைவி.

மட்டிப்பழமும் ஏத்தங்காய் வற்றலும் தீர்ந்துவிட்டன. சுக்குக் காப்பி இந்த முறை வெளியே.

6 ஜனவரி 2024

பெருமை ஒரு நாள்தான். மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் ஈரம். சக்கர மேட்டின்மேல் நான் ஒன்றும் ஒட்டவில்லை. கட்டிலுக்கு அடியில்தானே, யார் பார்ப்பார்கள் என்று விட்டது. உடம்புச் சூட்டோடு ஈரம் மெத்தை வழியாகக் கீழே இறங்கி, குளிர்ந்த பலகையில் போய்ப் படிந்திருக்கிறது. வேனின் பின்பக்கத்தில் இருந்த பழைய நார்மெத்தையை எடுத்து அடியில் போட்டேன். நாரின் இடுக்குகளில் காற்று ஓட, மறுநாள் காலை மெத்தை காய்ந்திருந்தது. சுவருக்குள் வேண்டாம் என்று தள்ளிய நார் கட்டிலுக்கு அடியில் வந்து நின்றது. ஊர் திரும்பியதும் பலகையை எடுத்துவிட்டுச் சட்டம் சட்டமாக அடிக்க வேண்டும்.

21 ஜனவரி 2024

வந்த களைப்பில் வேனைப் பூட்டிப் போட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் பழைய குடை வாசனை. குளிரிலிருந்து தப்பித்த வேனை நம் ஊர்க் காற்று பிடித்துவிட்டது. கதவைத் திறந்து இரண்டு நாள் வெயில். இனிமேல் நிறுத்தும்போது மேல் துவாரமும் கீழ்த் துவாரமும் திறந்தே இருக்கும். கொசுவலை போட்டாகிவிட்டது.

14 ஏப்ரல் 2024

ஊட்டியைவிட இங்கேதான் இந்த வேலை அதிகம் பயன்படுகிறது. சித்திரை வெயிலில் மதியம் வேனுக்குள் போய்ப் படுத்துத் தூங்கினேன். கூரைக்கு வெள்ளை வண்ணம் அடித்ததும் சேர்ந்து. வீட்டின் கான்கிரீட் தளத்துக்கு அடியில் படுப்பதைவிடச் சுகம். என்னைத் தேடினார்களாம்.

2 ஜூன் 2024

முதலில் கேள்வி கேட்ட புதுக்கடைக்காரர் இத்தனை நாள் கழித்து எழுதியிருக்கிறார். நான் எழுதியதையெல்லாம் படித்தாராம். படித்துவிட்டு அரை அங்குலத் தெர்மாகோலும் ரெக்சினும் அடித்துக்கொண்டு ஊட்டி போய்வந்தாராம். நான்கு பேர், நான்கு கம்பளி, ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்தார்கள், சொட்டு விழவில்லை, நன்றாகத் தூங்கினோம் என்கிறார்.

வாழ்த்துகள். ஜன்னலைத் திறந்து வைத்ததில் பாதி விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் மழைக்காலம் முடிந்ததும் பின்பக்க மூலையில் ரெக்சினைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவும். வில்லோரம் கறுத்திருக்கும். பந்தயம் வேண்டுமானால் ஒரு கட்டன் சாயா.

17 ஆகஸ்ட் 2024

பிரித்தாராம். கறுப்பு இல்லை. துரு இல்லை. தெர்மாகோல் முழுவதும் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து, முட்டையும் குஞ்சுமாக எறும்புப் புற்று. படம் அனுப்பியிருக்கிறார். ஈரத்தைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிய நான் எறும்பை நினைக்கவே இல்லை. சாயாவை நான்தான் வாங்கித் தர வேண்டும் என்கிறார், ஒப்புக்கொள்கிறேன்.

எறும்புக்கு எக்ஸ்பிஎஸ் பலகையும் தெர்மாகோல் மாதிரிதானே? என் தரையில் இருப்பது அது. நாளை பின்கதவு ஓரத்தில் பிளைவுட்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கிறேன்.

18 ஆகஸ்ட் 2024

இருக்கிறது.